இரண்டு இழுப்பு

சிலிண்டரில் நாற்பது நிமிஷத்துக்குத்தான் காற்று. ஐம்பதாகியும் கயிறு பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

ராஜாங்கம் கயிற்றை ஒருமுறை சுண்டினான். கீழிருந்து ஒரு இழுப்பு வந்தது. நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு இழுத்தால் தூக்கு. பாரில், கடலடிப் பாறைத்திட்டில், சிக்கிய வலையை எடுக்க முங்குகிற மரக்காணத்து ஆட்களின் பாஷை இது. சுப்பராயலுவுக்கும் அதையே கற்றுக்கொடுத்திருந்தான். அவர் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர். முதுகில் சிலிண்டரும் முகத்தில் கண்ணாடி மூடியுமாக இறங்கி, பாறை மீன்களைக் கணக்கெடுக்கிறவர். இன்று இறங்குமுன் பேசிக்கொண்டிருந்தார்.

"அடியில எல்லாம் நெருப்புல வெந்து உறைஞ்ச கல்லு, ராஜாங்கம். பொந்து பொந்தா இருக்குது. பொந்துக்கு ஒண்ணு உக்காந்துக்கினு நம்மளையே பாக்குது."

"மீன எண்றவருக்குமா சார் பொண்ணு குடுக்கறாங்க?"

"கிளியனூர்ல குடுக்கறாங்க. பங்குனியில கல்யாணம். நீ தூங்கிப்புடாத."

சிரித்தபடி கைக்கடிகாரத்தைக் கழற்றி அவன் கையில் கட்டிவிட்டு இறங்கினார்.

அது அறுபத்து மூன்றாம் வருஷம், மாசி மாதம். உச்சி வெயிலில் கடல் எண்ணெய் போலக் கிடந்தது. கட்டுமரத்தின் இடுக்குகளில் தண்ணீர் நக்கும் சத்தமும், காய்ந்த பாசியின் நாற்றமும், உள்ளங்கையில் கயிற்றின் ஈரமும் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை. குமிழிகள் எப்போது நின்றன என்று அவனுக்குத் தெரியவில்லை.

போன ஆடியில் இதே பாரில் தம்பி சின்னதுரை வலையெடுக்க முங்கினான். இரண்டு இழுப்பு வந்தது. கூடவே பெரும் கனமும் வந்தது. மரம் சாய்ந்தது. ராஜாங்கம் கையை விட்டான். கயிறு அறுந்துபோச்சு என்று ஊரில் சொன்னான். அம்மா முனியம்மாள் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் மரம் அமிழ்ந்தது. திரும்பினான். சிலிண்டரோடு சார் ஏறி உட்கார்ந்திருந்தார். இடுப்புக் கயிறு அவிழ்ந்திருக்க வேண்டும்.

"பயந்துட்டேன் சார்."

மூடியைக் கழற்றவில்லை. தோள்கள் மூச்சுக்கு ஏறி இறங்கவில்லை.

கையில் கயிறு அசைந்தது.

இரண்டு இழுப்பு.

ராஜாங்கம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மரத்தில் உட்கார்ந்திருந்த உருவத்தின் இடுப்பைப் பார்த்தான். பழைய தேங்காய்நார்க் கயிறு. சிப்பி படிந்தது. அதன் மறுநுனி மரத்தின்மேல் கிடந்தது. அறுபடாத நுனி. பிடி நழுவாமலிருக்கப் போன ஆடியில் அவனே போட்ட முடிச்சு, அப்படியே.

இரண்டு இழுப்பு. மறுபடி இரண்டு. வேகமாக.

ராஜாங்கம் கயிற்றைத் தூக்கவில்லை. வெயில் உறைக்கவில்லை.

கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்திருந்தது. அதற்குள் வாய் திறந்தது.

"வுட்டுடுண்ணா," என்றது. "அறுந்துபோச்சுன்னு சொல்லிக்கலாம்."

கயிறு இழுத்தது. இரண்டு. இரண்டு.

ஒன்று.