செருகினால் நிற்காத பிளக்

கடையில் ஒழுங்காக ஓடும் அடாப்டர் வீட்டுக்குப் போனதும் ஏன் நின்றுவிடுகிறது என்பது சைகாலுக்குப் பிடிபடவில்லை.

மலைநகரமான நாரினின் சந்தையோரத்தில் இருந்த அவளுடைய பழுதுபார்க்கும் கடைக்குப் புருல் அதை இரண்டு முறை தூக்கி வந்துவிட்டாள். புருலின் கணவன் தாலந்த் நிலக்கரிச் சுரங்கத்தில் நுரையீரலைத் தொலைத்தவன். அவனுடைய ஆக்சிஜன் இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கறுப்புப் பெட்டி அது. சைகால் மீட்டர் வைத்துப் பார்த்தாள். இருநூற்றிருபது வோல்ட் உள்ளே போனது, இருபத்துநான்கு வெளியே வந்தது. வயரை வளைத்தாள், முறுக்கினாள். ஒரு மணி நேரம் ஓடவிட்டாள். குறையே இல்லை.

மூன்றாம் முறை புருல் வெறுங்கையோடு வந்தாள். பொழுது சாயும் நேரத்தில் பிளக் தானாகக் கழன்று தரையில் கிடக்கிறது என்றாள். சைகால் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீடு ஊர்க்கோடியில், பனி மூடிய வெளியை ஒட்டி இருந்தது. தாலந்த் மூக்கில் குழாயோடு சுவரில் சாய்ந்திருந்தான்.

"வாங்கக்கா. அந்தப் பிளக்குக்கும் என்னைய மாதிரியே நிக்கத் தெம்பில்ல."

இயந்திரத்தின் பேட்டரி நாற்பது நிமிடம்தான் தாங்கும். அடாப்டர் கடைக்குப் போனபோதெல்லாம் கைகொடுத்த ஆக்சிஜன் சிலிண்டரும் காலி. பனிச்சரிவில் மருத்துவமனைச் சாலை அடைபட்டிருந்தது. விடியும்வரை திறக்காது.

சைகால் சாக்கெட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். அது சோவியத் காலத்துச் சாக்கெட். அதன் துளை நான்கு மில்லிமீட்டர். இந்தப் புது பிளக்கின் கால்களோ கிட்டத்தட்ட ஐந்து. உள்ளே நுழையாததை அடித்து ஏற்றினால், கால்களைக் கவ்விப் பிடிக்க வேண்டிய பித்தளைத் தகடுகள் விரிந்துபோகும். பிறகு எதையும் பிடிக்காது.

"எதால அடிச்சே?"

புருல் வாசலில் கிடந்த பூட்ஸைப் பார்த்தாள். தாலந்த்தான் சொன்னான்: "பூட்ஸ் குதிகாலால."

சைகால் ஃபியூஸைப் பிடுங்கி, பழையதைக் கழற்றி, கையோடு கொண்டுவந்த புதுச் சாக்கெட்டைப் பொருத்தினாள். பிளக் கச்சிதமாக இறங்கியது. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. வேலை முடிந்தது என்று நினைத்தாள்.

ஜன்னலுக்கு வெளியே பனி நீலமானது.

நிலக்கரி வாடை வந்தது. அந்த வீட்டு அடுப்பில் எரிந்துகொண்டிருந்ததோ வறட்டி.

சுவருக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

நீண்ட இருமல். ஈரமான இருமல். சைகால் தாலந்தைப் பார்த்தாள். அவன் வாய் மூடியிருந்தது. அந்தச் சுவருக்கு அப்பால் பனிவெளியைத் தவிர ஒன்றுமில்லை.

பிளக் மயிரளவு வெளியே நகர்ந்தது.

அவள் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். உள்ளிருந்து எதுவோ அவள் கையைத் தள்ளியது. வெடுக்கென்று அல்ல. பொருள் உடைந்துவிடக் கூடாதே என்று பொறுமையாகக் கழற்றும் கையின் பலம் அது. ஐஸைத் தொட்டதுபோல் விரல்கள் மரத்தன.

பிளக் தரையில் விழுந்தது. இயந்திரம் பேட்டரிக்கு மாறிக் கூவியது.

சைகால் குரலைத் தாழ்த்தினாள். "இதுல முன்னாடி என்ன செருகியிருந்துச்சு?"

புருல் சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். கணவனுக்கு மூத்தவர்களின் பெயரை அங்கே மருமகள்கள் வாயால் சொல்வதில்லை.

"மூத்தவரோட விளக்கு."

தாலந்தின் அண்ணன். அதே சுரங்கம், அதே நோய். இதே அறையில்தான் இறந்தார். உயிர் பிரிந்த இடத்தில் நாற்பது நாள் விளக்கு எரிய வேண்டும். மெழுகுவத்திக்குப் பதிலாக இப்போதெல்லாம் மேசை விளக்கு வைக்கிறார்கள்.

"எத்தனை நாள் ஆச்சு?"

"இருபத்தாறு. எக்ஸ்டென்ஷன் வயர் போடவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இருக்கிறது ஒரே சாக்கெட்டு. உசுரோட இருக்கிறவருக்குக் குடுத்தேன்க்கா."

தாலந்த் மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினான். "சுரங்கத்துல அண்ணன்தான் எப்பவும் முன்னால போவாரு. விளக்கு அவரு கையிலதான் இருக்கும்."

பேட்டரியில் பத்தொன்பது நிமிடம் மீதி.

பையில் இரட்டைச் சாக்கெட் ஒன்று இருந்தது. சைகால் மறுபடி ஃபியூஸைப் பிடுங்கி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு திருகாணிகளை முடுக்கினாள். யாரோ அவள் தோளுக்கு மேலே குனிந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மூச்சு கழுத்தில் பட்டது. அவள் திரும்பவில்லை.

பதினோரு நிமிடம்.

ஃபியூஸைப் போட்டதும், அவசரத்தில் இயந்திரத்தின் பிளக்கைச் செருகினாள்.

விழுந்தது.

பேட்டரி வலுக்குறைந்து காற்று மெலிய, தாலந்தின் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. புருல் துணிப் பெட்டிக்குள் கையை விட்டு விளக்கை எடுத்து நீட்டினாள். சைகால் அதைச் செருகினாள். மஞ்சள் வெளிச்சம் சுவரில் பரவியது. பிறகு இயந்திரத்தின் பிளக்கைத் துளையில் வைத்து, அழுத்தாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

சுவருக்கு உள்ளிருந்து யாரோ இழுத்ததுபோல், பிளக் தானாக அடிவரை இறங்கியது.

இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. தாலந்தின் நெஞ்சு ஏறி இறங்கியது. சுவருக்குப் பின்னால் அதே கதியில் இன்னொரு மூச்சு ஏறி இறங்கியது.

இனி என்ன செய்ய வேண்டும் என்பதைப் புருலுக்குச் சைகால் இரண்டு முறை சொன்னாள்: முதலில் விளக்கைச் செருக வேண்டும், அதன்பிறகு இயந்திரத்தை. அப்படிச் செய்தால் பிளக் கழலாது.