கேட்டால் விரலைத் தூக்கவும்

மனிதனுக்குக் காது இரண்டாக அமைந்தது, எதிரி இடப்பக்கம் வருகிறானா வலப்பக்கம் வருகிறானா என்று கண்டுபிடிப்பதற்காகத்தான். பாட்டு, பாடம், அம்மாவின் வசவு இவையெல்லாம் அந்த வழியாகப் பிற்காலத்தில் நுழைந்துவிட்ட அத்துமீறல்கள்.

கல்லூரி கேண்டீனில் மேசையைத் தட்டி இதை அறிவித்தவன் பாம்புக்காது. கணினி விளையாட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் துப்பாக்கி மாற்றினால்கூடக் கேட்டுச் சொல்லிவிடுவான். அதனால் அந்தப் பெயர். அன்று மாலை கல்லூரி அணிக்கான தேர்வு ஆட்டம். அவனுக்கு வேறு எந்தத் திறமையும் கிடையாது. காது ஒன்றுதான் சொத்து.

அந்த நேரம் பார்த்து லேப்டாப் காலை வாரியது. எந்த ஹெட்செட்டைச் செருகினாலும் கொசுக்கூட்டம் மாதிரி ஓர் இரைச்சல்.

மதிய வெயிலில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, அறைத்தோழன் மொட்டையையும் இழுத்துக்கொண்டு, ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த கணினிக் கடைக்கு ஏறினான். மொட்டைக்குத் தலை நிறைய முடி. பெயர் வந்த காரணம் அவனுக்கே தெரியாது.

கடைக்காரர் இரைச்சலைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஹெட்செட் மேல குத்தமில்ல தம்பி. லேப்டாப் உள்ள ஃபேனும் சார்ஜரும் சேந்து கச்சேரி பண்ணுது. சவுண்டு கார்டை வெளிய வெச்சுட்டா முடிஞ்சுது." விரல் நீளத்தில் ஒரு யு.எஸ்.பி. கார்டை எடுத்துச் செருகினார். "டப்பால ஏழு ஸ்பீக்கர்னு போட்டிருப்பான், மயங்கிடாதீங்க. நமக்குக் காது ரெண்டுதான். அந்த ரூம்ல உக்காந்து கேட்டுட்டு எடுங்க."

மூலையில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஓர் அறை நின்றது. உள்ளே சுவரெல்லாம் பஞ்சு. ஒற்றை நாற்காலி. கனத்த கதவு.

"முன்னாடி இங்க காது டெஸ்ட் பண்ணிட்டிருந்தாங்க. சத்தமே போகாது. அதான் நான் உடைக்கல."

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்றான் மொட்டை.

கடைக்காரர் ஏற்கெனவே துடைத்த டப்பாவை மறுபடி துடைத்தார்.

முதலில் மொட்டை போனான். கதவு மூடியது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மொட்டை ஐயா இடது ஆள்காட்டி விரலைத் தூக்கினார். இறக்கினார். பிறகு வலது. மறுபடி இடது. கண்ணை மூடி, பயபக்தியோடு.

வெளியே வந்தபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"உள்ள ஒரு அம்மா பேசறாங்கடா. கேட்டா விரலைத் தூக்கச் சொல்றாங்க."

"நீயும் தூக்கின?"

"எந்தக் காதுல கேக்குதோ அந்தக் கை. டேய், சொன்னாக் கேளு, நீயும் தூக்கிடு."

"'மிஸ், ஒண்ணுக்கு'ன்னு சின்னப் பையன் கேக்கற மாதிரியே இருந்துச்சு. வீடியோ எடுக்காம விட்டுட்டேன் பாரு!"

பாம்புக்காது உள்ளே போய் ஹெட்செட்டை மாட்டினான். பஞ்சின் புழுக்கம், ஊசி போடும் இடத்தில் வரும் ஸ்பிரிட் வாசனை. இரைச்சல் துளியும் இல்லை. தன் எச்சில் தொண்டையில் இறங்குவதுகூடக் கேட்டது. கார்டு தேறிவிட்டது என்று நினைத்தான்.

இடது காதில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"கேட்டா விரலைத் தூக்குங்க."

களைத்த, கனிவான குரல். பிறகு ஊசிமுனை போல மெல்லியதாக ஓர் ஒலி. நன்றாகவே கேட்டது. ஆனால் கண்ணாடிக்கு வெளியே மொட்டை பார்த்துக்கொண்டு நின்றான். பாம்புக்காது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டான்.

"கேக்கலையா?"

டிக். எங்கேயோ ஒரு சுவிட்சை அணைத்தார்கள்.

இன்னொரு ஒலி, சற்றுத் தடிமனாக. கை அசையவில்லை.

"சரி. அதுவும் வேண்டாம்."

டிக்.

கார்டை வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது மொட்டை சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே வந்தான். சாவிகள் ஒன்றோடொன்று மோதின.

சத்தம் வரவில்லை.

அறைக்கு வந்து ஆட்டத்தில் உட்கார்ந்தபோது வெடிச்சத்தம் கேட்டது. அணித் தலைவனின் கட்டைக்குரல் கேட்டது. காலடிகள் மட்டும் கேட்கவில்லை. முதுகில் சுட்டார்கள். மறுபடியும் முதுகில்.

"பாம்பு! அவன் யானை மாதிரி ஓடி வரான், கேக்கல? இன்னொரு தடவை செத்தீன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்."

கார்டைப் பிடுங்கினான். ஹெட்செட்டைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தான். பக்கத்தில் மொட்டை ஏதோ கேட்டான். உதடு அசைந்தது, வார்த்தைகளின் அடிப்பாகம் மட்டும் வந்து சேர்ந்தது.

"கேட்டா விரலைத் தூக்குங்க."

வெறும் காதில்.

இடது காதில் அடுத்த ஒலி வந்தது. மொட்டையின் குரல் அளவுக்குத் தடிமன். அடுத்து எந்த சுவிட்ச் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

நாற்காலியை மொட்டை பக்கமிருந்து சுவர்ப்பக்கம் திருப்பினான். நெஞ்சோடு ஒட்டி, வெளியே தெரியாதபடி, இடது ஆள்காட்டி விரலைத் தூக்கினான்.

டிக் சத்தம் வரவில்லை.

"யாருக்குடா கை தூக்கற?" மொட்டையின் குரல் முழுசாகக் கேட்டது.

தூக்கிய விரலை ஜில்லென்ற ஐந்து விரல்கள் பற்றி, குழந்தையின் கையை மடக்குவதுபோல மடக்கி, அவன் மடியில் இறக்கி வைத்தன.

"நல்லது. இப்ப வலது காது."