உள்பக்கத்துப் பட்டன்

விடுமுறை நாள் மத்தியானம். ஆலையில் ஆள் அரவமே இல்லை. பெயிண்ட் உலர்த்தும் ஓவன், ஆள் நிமிர்ந்து நடந்துபோகும் அளவுக்குப் பெரியது, மூன்று வாரமாகச் சூடேறாமல் கிடந்தது. ஆனால் கண்ட்ரோல் ரூம் திரையில் அதன் உள்பக்கத்துப் பட்டனுக்கான சிவப்புப் புள்ளி ஒருமுறை எரிந்து அணைந்தது.

அந்தப் பட்டனை விசாரணைக்காரர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரில் வெறும் ஓட்டைதான்.

ஒயர் கோளாறாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள் புரோகிராம் மேடம். ஆலையில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாளை ஓவன் மறுபடி ஓட வேண்டும், சரிபார்க்க வந்திருந்தாள்.

உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் அந்தப் பட்டனை அழுத்த வேண்டும். சூடு நின்று, பூட்டு விடுபடும். ஆனால் அது யாரும் அழுத்தாமலே இயங்கி, வாரத்துக்கு நாலு தடவை வேலையை நிறுத்தியது. "லைன் நிக்கக் கூடாது மேடம். வேணும்கிறப்ப அதக் கண்டுக்காம விடுற மாதிரி பண்ணிக் குடுங்க" என்றார் மேனேஜர். பண்ணிக் கொடுத்தாள். புரோகிராமில் ஒரே ஒரு வரி. நல்ல பெயரும் வாங்கினாள்.

பெயிண்டர் உள்ளே மாட்டிக்கொண்டு செத்த அன்று, அவர் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். விசாரணைக்கு முன் அந்த வரியையும் அழுத்தியதன் பதிவையும் சுவடில்லாமல் அழித்தாள். பிறகு அவர் மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அவரு பட்டன அழுத்தவே இல்லையாம்மா? அவ்வளவு விவரம் கெட்டவரு இல்லியே."

"இல்லக்கா. பயத்துல மறந்திருப்பாரு."

அந்தப் பொய்யைச் சொன்னதிலிருந்து, பெற்ற பிள்ளையின் முகத்தைக்கூட அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை.

புள்ளி மறுபடி எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அவசரமில்லாத, கையால் அழுத்துகிற தாளம்.

கீழே, ஓவன் கதவின் பூட்டு 'டக்'கென்று விடுபட்டது. கண்டுகொள்ளாமல் விடும் வரிதான் இப்போது இல்லையே.

எப்படிக் கீழே வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கருகிய பெயிண்ட் வாசனை, தித்திப்பாக, நாக்கில் ஒட்டியது. கதவருகே காற்று அனலடித்தது. உள்ளே காலைத் தேய்த்து நடக்கும் சத்தம். நின்றது.

"இப்ப வேல செய்யுது மேடம்."

பெயிண்டரின் அதே பணிவான குரல்.

கதவு ஓர் அங்குலம் நகர்ந்தது. அவள் முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்துத் தள்ளினாள். உள்ளங்கை பொசுங்கியது. விடவில்லை.

இடுக்கின் வழியே, வெள்ளைப் பெயிண்ட் அப்பிய நாலு விரல்கள் மெல்ல வெளியே வந்தன.

அவள் இன்னும் பலமாகத் தள்ளினாள்.