கிருமி வளரவில்லை!

டெலிபோன் அலறியது!

அந்த லேப் டெலிபோனுக்கு மெதுவாக ஒலிக்கத் தெரியாது. அது அடித்தால் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே படுத்திருக்கும் கிருமிகள்கூட எழுந்து உட்கார்ந்துவிடும்!

பாட்டில் அக்கா ரிசீவரை எடுத்தாள்.

அவளுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. இருபத்தெட்டு வருடமாக ரத்த கல்ச்சர் பாட்டில்களோடு குடித்தனம். நோயாளியின் ரத்தத்தை பாட்டிலில் விட்டு, இளஞ்சூட்டில் ஐந்து நாள் வைத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற வேலை. பெற்ற பிள்ளைகளைக்கூட அவள் அப்படிக் கண்கொட்டாமல் பார்த்து வளர்த்ததில்லை.

"மேடம், இன்ஸ்பெக்டர் பேசறேன். போன வெள்ளிக்கிழமை காய்ச்சல்ல செத்தாரே ஒருத்தர்... அவரோட ரத்த ரிப்போர்ட்ல இருக்கறது உங்க கையெழுத்துதானே?"

"என் கையெழுத்துதான். என்ன விஷயம் சார்?"

"தேங்க்ஸ். அதை வச்சுத்தான் அவரோட பெண்டாட்டியை இன்னிக்குக் காலையில அரெஸ்ட் பண்ணினோம்."



"என்ன சார் சொல்றீங்க?!"

"விஷம் வச்சிருக்கா மேடம். வாந்தி... மூட்டு வலி... உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் சிவப்புப் புள்ளி. மூணே நாள்ல ஆள் காலி. ரத்தத்துல கிருமி இல்லைன்னு நீங்களே எழுதிட்டீங்க. கிருமி இல்லைன்னா அப்புறம் என்ன? விஷம்தானே?"

"கிருமி இல்லைன்னு நான் எழுதல சார்!" அக்கா கத்தியேவிட்டாள். "கிருமி வளரலைன்னு எழுதினேன்!"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"கதவைத் தட்டினோம், யாரும் திறக்கலைன்னா வீட்டுல ஆளே இல்லைன்னு எழுதுவீங்களா சார் நீங்க?"

அக்காவே மேலே கேட்டாள்.

"விஷம்னு உங்க போலீஸ் லேப்ல சொல்லிட்டாங்களா?"

"அந்த ரிப்போர்ட் வர மூணு வாரம் ஆகும். ஆனா பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைச் சத்தம் கேட்டிருக்காங்க. செத்தவரோட தம்பியே புகார் குடுத்திருக்கார். அழுது அழுது ஸ்டேஷன் தரையே ஈரம். உங்களுக்குத் தெரிஞ்சவராமே... கல்ச்சர் பாட்டில் சப்ளை பண்ற ரெப்."

அட! நம்ம ரெப்பா? பதினொரு வருடமாக மாதம் தவறாமல் வந்து, டைரியும் பேனாவும் கொடுத்து, 'அக்கா அக்கா' என்று காலைச் சுற்றி வருபவனா?

"வியாழக்கிழமை நாலு மணிக்கு கோர்ட்டுல கொலைக் கேஸ் போடறோம். அதுக்கப்புறம் அந்தம்மா வெளிய வரணும்னா வருஷக்கணக்காகும். பாவம்தான்... என்ன பண்றது? புருஷன் அமைதியான ஆளாம். ஆராய்ச்சிக் கம்பெனியில எலிங்களைப் பார்த்துக்கற வேலை."

அக்காவின் முதுகில் ஐஸ் கட்டி ஒன்று வழுக்கிக்கொண்டு போனது.

"எலியா...?"

"ஆமா. முந்நூறு எலி."

எலி. காய்ச்சல். உள்ளங்கையில் புள்ளி!

மூன்றும் சேர்ந்து மண்டைக்குள் மணி அடிக்க, அக்கா போனை வைத்தாள். கட்டிலில் கிடந்தவனின் தொழிலை எந்த டாக்டரும் கேட்கவில்லை. ரத்தம் அனுப்பிய சீட்டில் 'தொழில்' என்ற கட்டம் மொட்டையாக இருந்தது.

அடுத்த நிமிடம் ரெப்புக்கு போன்.

"தம்பி, அண்ணன் விஷயம் கேள்விப்பட்டேன்..."

"ஐயோ அக்கா!" விசும்பல். "பாவி... எங்க அண்ணி இப்படிப் பண்ணுவாங்கன்னு..."

"அழாதப்பா. ஒண்ணு கேட்கணும். உங்க பாட்டில்ல வளராத கிருமி ஏதாச்சும் உண்டா?"

விசும்பல் நின்றது. சட்டென்று.

"எங்க பாட்டில்லயா? சான்ஸே இல்லக்கா! எங்க பாட்டில்ல கல்லைப் போட்டா கல்லு முளைக்கும்!"

வியாபாரி வாய்! அக்கா பாட்டில் பெட்டிக்குள் கைவிட்டு, பதினாறாக மடித்த விளக்கத் தாளை உருவினாள். எறும்புக்குக்கூடக் கண்ணாடி தேவைப்படும் எழுத்து. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கடைசிப் பத்திவரை போனாள்.

இருந்தது!

பாட்டிலில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து கலப்பார்கள். நல்ல மருந்துதான். ரத்தத்தில் உள்ள காவல்படை, பாட்டிலுக்குள் வந்த பிறகும் கிருமியைக் கொல்லாதபடி கையைக் கட்டிப்போடும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கிருமிகளுக்கு அதனால் கொண்டாட்டம்.

மிச்ச இரண்டுக்கு அந்த மருந்தே எமன்!

அந்த இரண்டில் ஒன்று... எலிக்கடிக் காய்ச்சலின் கிருமி.

உயிரோடு உள்ளே போனாலும் பாட்டிலில் தலையெடுக்காது. மெஷின் ஐந்து நாள் காத்திருந்து 'வளரவில்லை' என்று சொல்லும். அக்கா கையெழுத்துப் போடுவாள்.

போட்டாள். ஒருத்தி உள்ளே போனாள்.

"கொசு!" என்று கத்தினாள்.

கொசு என்பவர் நாற்பத்தாறு வயது, ஆறடி உயரம், பக்கத்து அறையில் ரத்தம் எடுக்கும் வேலை; லேபுக்குள் வந்துபோகும் ரெப்களின் முகம் பழக்கமில்லை. குத்துவது தெரியாது, எடுத்தபின்தான் தெரியும். அதனால் அந்தப் பட்டம்.

"என்னக்கா, லேப் தீப்பிடிச்சிருச்சா?"

"வெள்ளிக்கிழமை செத்தாரே, அந்தக் காய்ச்சல்காரர் ரத்தத்துல உறையற டெஸ்ட்டுக்குன்னு நீல மூடிக் குழாய்ல எடுத்தீங்களே... அது இருக்கா?"

"ஏழு நாள் ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? நாளைக்குக் குப்பைக்குப் போகும்."

நாளைக்கு!

அக்கா ஃப்ரிட்ஜுக்கு ஓடினாள். அவள் கடைசியாக ஓடியது பள்ளிக்கூடத்தில்.

நீல மூடிக் குழாயிலும் உறையாமல் இருக்க மருந்து உண்டு. ஆனால் வேறு மருந்து. எலிக் கிருமியின் கழுத்தை அது நெரிக்காது. அடியில் தங்கியிருந்த சிவப்பு ரத்தத்தைத் துளித்துளியாக எடுத்து, கிருமிக்குத் தீனியான சீரம் கலந்த திரவத்தில் விட்டாள். சூட்டில் வைத்தாள்.

செவ்வாய்... ஒன்றுமில்லை.

புதன்... ஒன்றுமில்லை. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஃப்ரிட்ஜில் ஆறு நாள் கிடந்த ரத்தம். கிருமி செத்திருந்தால்? லாக்கப்பில் இருக்கிறவளின் முகம்கூட அவளுக்குத் தெரியாது. தெரியாத அந்த முகம்தான் கண்ணை மூடினால் வந்து நின்றது.

வியாழன், பகல் பதினொரு மணி. குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள்.

அடியில், ரத்தப் படிவின் மேல், குட்டிக் குட்டியாக...

பஞ்சு உருண்டைகள்!

ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். மணி கோத்த நூல் போல நீள நீளமாக, அலங்கோலமாக, அதே கிருமி!

இரண்டு மணிக்கு லேபின் சின்ன அறையில் எல்லாரும் கூடிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர். ஒரு பெண் போலீஸ். அவளுக்குப் பக்கத்தில் செத்தவரின் மனைவி... மூன்று நாளாகத் தலை வாராத, அழவும் தெம்பில்லாத ஒரு உருவம். இன்ஸ்பெக்டர் வரச்சொன்னதால் ரெப்பும் வந்திருந்தான்.

அக்கா குழாயைக் காட்டினாள். பாட்டில், மருந்து, நீல மூடி எல்லாவற்றையும் பிட்டுப் பிட்டு வைத்தாள்.

"விஷம் இல்ல சார். எலிக் கிருமி. இதைத் தேடினா கிடைக்காத இடத்துல தேடினேன். தப்பு என் மேல."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"ஆக, எலி கடிச்சிருக்கு. விபத்து. கொலையே இல்ல!"

"உடம்புல கடிச்ச தடம் இல்லைன்னு போஸ்ட்மார்ட்டம்ல எழுதியிருக்காங்களே சார்?" அக்கா இழுத்தாள்.

"முந்நூறு எலியோட குடும்பம் நடத்தினவரு. பல்லு பட்டிருக்கும், ஆறியிருக்கும். விடுங்க மேடம்." மனைவியின் பக்கம் திரும்பினார். "அம்மா... மன்னிச்சிடுங்க. நீங்க வீட்டுக்குப் போகலாம்."

அவள் எழவில்லை. எங்கே போவது என்று யோசிப்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

ரெப் தடாலென்று அவள் காலடியில் விழுந்தான்.

"அண்ணி! என்னை மன்னிச்சிடுங்க அண்ணி! அண்ணன் போன துக்கத்துல புத்தி கெட்டுப்போய்..."

"எந்திரிங்க தம்பி" என்றாள் அவள், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல.

எழுந்தான். ஏஸி அறையில் அவன் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அக்கா அதைக் கவனித்தாள். அவன் கண் இரண்டும் செக்கச்செவேல். அழுததாலா?

கதவு திறந்தது.

கொசு! கையில் ஒரே ஒரு ரத்தக் குழாயும் சீட்டும்.

"அக்கா, காலையில ஒருத்தர் காய்ச்சல்னு வந்தாரு. கல்ச்சர் பாட்டில் வேண்டவே வேண்டாம், இதுலதான் எடுக்கணும்னு ஒரே பிடிவாதம். எடுத்துட்டேன், இதை என்ன பண்றதுன்னு..." நிறுத்தினார். ரெப்பைப் பார்த்தார். "அட, நீங்களே இங்கதான் இருக்கீங்களா சார்!"

"யா... யாருய்யா நீ? ஆளு மாத்திப் பேசற!"

"நான் குத்தின கையை மறப்பேனா சார்? இடது கை. ரெண்டாவது நரம்பு."

குழாயின் மூடி... நீலம்!

அக்கா சீட்டை வாங்கினாள். வேறு பெயர். ஆனால் எழுத்து? பதினொரு வருடமாக பில் புத்தகத்தில் பார்த்த அதே கோணல் எழுத்து. 'கல்ச்சர். நீல மூடிக் குழாயில் மட்டும்.' அடியில் இரண்டு கோடு.



"சார்" என்றாள் அக்கா மெதுவாக. "இந்த நீல மூடி விஷயத்தை உங்ககிட்டயே நான் இப்பதான் சொன்னேன். கொசுகிட்டகூட எதுக்குன்னு மூச்சு விடல. ஊரெல்லாம் தன் பாட்டிலை வித்தவன், தன் ரத்தத்துக்கு மட்டும் அது வேண்டாம்னு காலையிலயே சொல்லியிருக்கான்."

இன்ஸ்பெக்டர் ஒரே எட்டில் ரெப்பின் கையைப் பிடித்துத் திருப்பினார்.

உள்ளங்கை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள்!

ரெப் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தான்.

"அக்கா... அதேதானா? வளருமாக்கா? சொல்லுங்கக்கா!"

"மூணு நாள் ஆகும். நீ சொல்லு. எப்படி?"

"அண்ணனோட சர்க்கரை ஊசியில... அவன் கம்பெனி எலியோட எச்சில்..." பல் தந்தியடித்தது. "மூடி போடறப்ப என் கட்டைவிரல்லயே குத்திக்கிட்டேன். அதுக்கு மருந்து பென்சிலின்... அதைப் போட்டா எனக்கு மூச்சு அடைச்சிடும்க்கா! சாதா காய்ச்சலா, அதுவான்னு தெரியாம எப்படிப் போட்டுக்கறது?"

"அடப்பாவி! பென்சிலின் ஒத்துக்காதவங்களுக்கு வேற மருந்து இருக்குடா. எந்த டாக்டரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாரு. வாயைத் திறந்து கேட்க முடியாத இடத்துல நீயே போய் உட்கார்ந்துக்கிட்ட!"

"எதுக்குடா கொன்ன?" இன்ஸ்பெக்டர் உலுக்கினார்.

"தேதி முடிஞ்ச பாட்டில்ல புதுத் தேதி ஒட்டி வித்துக்கிட்டிருந்தேன் சார். அண்ணன் பார்த்துட்டான். வீட்டுக்கு வந்து கத்தினான். லேப்ல வந்து சொல்லிடுவேன்னான்... சத்தம் வெளிய கேட்டுடுச்சு, அதான் பழியை அண்ணி மேல திருப்பினேன்..."

பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்ட சண்டை!

அக்கா திரும்பித் தன் அலமாரியைப் பார்த்தாள். வரிசை வரிசையாக அவன் விற்ற பாட்டில்கள். எத்தனை பேருக்கு 'வளரவில்லை' என்று எழுதினாள்? அதில் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள்? எண்ண ஆரம்பித்தாள்... முடியவில்லை. 

அப்போதுதான் அந்த மனைவி எழுந்தாள்.

"ஆஸ்பத்திரியில மூணு நாளும் அவர் பக்கத்துலயே உட்கார்ந்து காலை அமுக்கி விட்டீங்களே தம்பி..." குரல் உயரவேயில்லை. "எப்ப சாவாருன்னு பார்க்கவா?"

  அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாருடைய கையையும் பிடிக்காமல், வெளியே நடந்தாள்.

விலங்கு 'க்ளிக்' என்றது.

"முதல்ல ஆஸ்பத்திரி" என்றார் இன்ஸ்பெக்டர். "பிழைச்சு எழுந்ததும் நேரா லாக்கப்."

வாசல் வரை தள்ளாடிப் போன ரெப் சட்டென்று நின்றான். முகம் வெளிறித் திரும்பினான்.

"சார்... லாக்கப்புல... எலி இருக்குமா சார்?"

"நிறைய இருக்கு. ஆனா கவலைப்படாதீங்க..." இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டினார். "நீங்க வர்றதுக்குள்ள அதுங்களை வேற இடத்துக்கு மாத்திடறேன். ஆயிரம்தான் இருந்தாலும், அதுங்க பாதுகாப்பும் எங்க பொறுப்புதானே!"