நகர்ந்துபோன சிவப்புப் புள்ளி

மூன்றாவது வாரம்தான் எனக்குச் சசிதர்மேல் சந்தேகம் வந்தது.

நாங்கள் இருவரும் சிங்காநல்லூரில் ஒரே வகுப்பு. அறிவியல் மன்றத்தில் ஜோடிக்கு ஒரு நோட்டு. மாலை ஏழு மணிக்கு மொட்டைமாடியில் நின்று, கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியுள்ள நட்சத்திரங்களைப் பார்த்துப் புள்ளி வைக்க வேண்டும். ஒருநாள் அவன், ஒருநாள் நான். நல்ல நோட்டுக்காரர்களுக்கு வால்பாறைப் பயணம்!

"அந்தக் காலத்து வானியலாளர்கள் வெறும் கண்ணாலதான் பாத்தாங்க. நீங்களும் பாருங்க" என்றிருந்தார் ராமாமணி டீச்சர்.

அந்த மூன்றாவது வாரம்தான் அவன் பக்கங்களை முதல்முறையாகப் புரட்டினேன். என் பக்கங்களில் கார்த்திகையை ஒட்டி ஒரு சிவப்புப் புள்ளி. அவன் பக்கங்களில் அது கொஞ்சம் கொஞ்சமாக விலகி, ரோகிணி நட்சத்திரத்திடம் போயிருந்தது. டிரேசிங் பேப்பர் வைத்துப் பார்த்தேன். மற்ற புள்ளிகள் எல்லாம் பொருந்தின. அது மட்டும் பொருந்தவில்லை.

"ஏன்டா, மாடிக்கே போகாம கிறுக்கிப்போட்டியா?"

"சாமி சத்தியமா பாத்துத்தான் வச்சேன், மௌனிகா." தேள் கொட்டிய திருடன் மாதிரி முழித்தான்.

"நட்சத்திரம் என்ன டவுன் பஸ்ஸா, ஸ்டாப் ஸ்டாப்பா நகர? நாளைக்கு டீச்சருகிட்டச் சொல்றேன் பாரு!"

சொன்னால் அவனை மன்றத்திலிருந்தே எடுத்துவிடுவார்கள். அவன் உதடு துடித்தது. நோட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போனான்.

அவன் வைத்தது பொய் என்று வானத்தை வைத்தே நிரூபிக்க, அன்று மாலை நோட்டோடு மாடி ஏறினேன். அண்ணாந்து பார்த்தேன்.

சிவப்புப் புள்ளி ரோகிணியின் பக்கத்தில் இருந்தது. அவன் வைத்த அதே இடம்!

ஐயோ, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் மாடிக்குப் போனது முதல் நாள் மட்டும்தான். அங்கே ஒரே கொசு. நட்சத்திரம் எங்கே ஓடிவிடப் போகிறது என்று, மற்ற நாளெல்லாம் முதல் பக்கத்தைப் பார்த்தே வரைந்துவிட்டேன். கிறுக்கியது நான்தான்.

மறுநாள் சசிதரையும் கூட்டிக்கொண்டு டீச்சரிடம் போனேன்.

"என் பக்கமெல்லாம் வானத்தைப் பாக்காம வரைஞ்சதுங்க டீச்சர். சசி வச்சதுதான் சரிங்க. நான் அவனைத் திட்டிப்போட்டேனுங்க." அழுகை வந்துவிட்டது.

டீச்சர் நோட்டைப் புரட்டினார். "அது நட்சத்திரமில்ல கண்ணு, செவ்வாய்க் கோள். அந்தக் காலத்துலயும் இப்படித் தினம் பாத்துத்தான், சிலது மட்டும் நகருதுன்னு கண்டுபிடிச்சாங்க. சசி வால்பாறை வரட்டும். நீ வர்றதைப் பத்தி, ஒரு வாரம் உன் பக்கத்தைப் பாத்துட்டுப் பேசலாம்."

வெளியே வந்ததும் கேட்டேன். "என் புள்ளி தப்புன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். சொன்னா நீ கோவிச்சுக்குவேன்னு விட்டுட்டேன்."

அன்று மாலை என் முறை. கொசு பிடுங்கி எடுத்தது. புள்ளி வைத்துவிட்டுத் திரும்பினால், படிக்கட்டில் சசிதர்!

"என்னடா, என்மேல சந்தேகமா?"

"லேசா."

கோபம் வரவில்லை. நோட்டை நீட்டினேன். அவன் நோட்டையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சரியாத்தான் இருக்கு" என்றான்.