அண்ணே என்று கூப்பிடாத மனிதர்

“அங்கன இறக்காதீங்க... வண்டிய அங்கன இறக்காதீங்க...”

கடற்காற்று காதை அடைத்தாலும் அந்தக் குரல் பூமயிலுக்குத் தெளிவாகவே கேட்டது. கேட்டதால்தான் இறக்கினாள்.

அங்கே நிற்காதே, இங்கே உட்காராதே என்று சொல்ல அவளுக்கு ஆயுசு முழுக்க ஆள் இருந்தது. முதலில் அய்யா, பிறகு தம்பிகள், பிறகு தம்பிகளின் பெண்டாட்டிகள். இப்போது தொண்டிக்குத் தெற்கே, ஆளில்லாத கடற்கரையில்கூட ஒருத்தர்... பனைகளுக்கு அப்பால் தரை பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்து கிடந்தது. ஆர்.எஸ்.மங்கலத்தில் பிறந்தவளுக்கு வெடித்த தரையைப் பற்றி யார் பாடம் எடுப்பது? கோடையில் கண்மாய் இப்படித்தான் வெடிக்கும். மேலே டிராக்டரே ஓடும்.

கார் தாண்டிவிட்டது. பின்னால் கோத்திருந்த, அவள் வீடாக வைத்திருக்கும் டிரெய்லர்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்து அச்சு வரை இறங்கி நின்றது. மேலே காய்ந்தது வெறும் தோல். அடியில் கடல் கொண்டுவந்து போட்ட சேறு.

அந்த மனிதர் பனை மட்டைகளைச் சுமந்துகொண்டு, ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார். நரைத்த மீசை, காக்கித் துணி பழகிய முதுகு.

“மங்கலத்துப் பக்கமா?”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கடக்கரை ஆளுக எவனும் இதுல கால வைக்க மாட்டான். நான் திருவாடானை. போன வாரம் இதே எடத்துல, இதே மாதிரி கண்மாய்னு நெனச்சு இறக்கி, இதே மாதிரி முழிச்சேன்.”

பனை நிழலில் தன் காரும் நீல நிற டிரெய்லரும் நிற்பதைக் கை காட்டினார். அழ வேண்டிய நேரத்தில் பூமயிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இமைக்காமல், அசையாமல், நேராக... இந்த அறுபத்திரண்டு வயதில் யாரும் அவளை இப்படிப் பார்த்ததில்லை. முன்பின் தெரியாத ஆணை ‘அண்ணே’ என்று கூப்பிட்டுவிட்டால் பேச்சு சுலபம். எல்லாப் பெண்களையும் போல அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். அன்று அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

மட்டைகளைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து, அவர் தள்ள, அவள் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, டிரெய்லர் ஒருவழியாகக் கரையேறியது. அவர் பெயர் செல்லச்சாமி. அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ப் பல வருஷம்.

பூமயில் கிராமத்து நர்ஸாக இருந்தவள். ஊரெல்லாம் பிரசவம் பார்க்க ஓடியவளுக்குக் கல்யாணம் என்று ஒன்று நடக்கவே இல்லை. அய்யாவுக்குப் பக்கவாதம், அம்மாவுக்குச் சர்க்கரை, எல்லோரையும் அள்ளிப் போட்டுக் கழுவிக் கரையேற்றினாள். கடைசியில் தம்பிகள் அவளை முறை வைத்தார்கள். இந்த மாசம் உன் வீடு, அடுத்த மாசம் என் வீடு. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, “நம்ம வீட்டு முறை நேத்தோட முடிஞ்சிருச்சே?” என்று சின்னவன் பெண்டாட்டி அடுக்களையில் கேட்டது காதில் விழுந்தது. கையைக் கழுவியவள், பிறகு அந்த வீட்டில் சாப்பிடவில்லை. மதுரையில் சொல்லி இந்தச் சின்ன டிரெய்லரைச் செய்து வாங்கிக் கிளம்பினாள். ஊர் சர்க்கஸ் கம்பெனி என்று சிரித்தது. சிரிக்கட்டும். இனி யாருக்கும் பாரமில்லை, யாரையும் தூக்கிச் சுமப்பதும் இல்லை. கிளம்பும்போது அவள் எடுத்துக்கொண்ட சத்தியம் அது ஒன்றுதான்.

ஆனால் அவள் போய்ச் சேர்ந்த கரைகளிலெல்லாம் தனிமை முன்னமே வந்து உட்கார்ந்திருந்தது. சில காலைகளில் எதற்கு எழுந்திருப்பது என்றே தெரியாது.

இங்கே மட்டும், காலையில் டீ போட ஒரு காரணம் இருந்தது.

“கண்ண எடுக்காமப் பாக்குறீங்களே... டிரைவர்னா ரோட்டத்தானே பாக்கணும்?” என்று சீண்டுவாள்.

“ரோடுதான் முடிஞ்சு போச்சே.”

“எப்பத்தான் கிளம்புறீக?”

“நாளைக்கு...”

அந்த நாளை வரவே இல்லை. தனக்காகத்தான் இருக்கிறார் என்று பூமயில் ரகசியமாகச் சந்தோஷப்பட்டாள். ஒரு நாள் காலையில் தொண்டி பஸ் ஸ்டாண்டில் மல்லிகை வாங்கி, தோளில் விழுகிற மாதிரி வைத்துக்கொண்டு வந்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்தபடி பேசினாரே தவிர, பூவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சின்னதாய் ஒரு ஏமாற்றம்...

அன்று மதியம் கிழக்கே வானம் கறுத்தது. ஐப்பசி மழை இறங்கினால் இந்தத் தரை முழுக்கச் சேறுதான், வண்டி நகராது. அவள் டிரெய்லரைக் காரில் கோத்துவிட்டு வந்து பார்த்தாள். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“மழை வருது, கிளம்பலையா?” டீயை அவருக்குப் பக்கவாட்டில் வைத்தாள். எடுக்க வந்த கை டம்ளரைத் தட்டிவிட்டது.

அவளுக்குள் இருந்த நர்ஸ் விழித்துக்கொண்டாள். மெதுவாக அவர் காதோரம் கையை ஆட்டினாள். அவருக்குத் தெரியவில்லை.

“எம்புட்டு நாளா இப்படி?”

கவிழ்ந்த டம்ளரைத் தடவி நிமிர்த்தி வைத்தார். “கண்ணுல பிரஷராம். குழாய்க்குள்ள பாக்குற மாதிரி நேரா இருக்கது மட்டும் தெரியும். அதுவும் ரொம்ப நாளைக்கு இல்லேன்ட்டாக. இங்கன வரும்போது ஓரத்துல ஒரு ஆடு... நான் பாக்கவே இல்ல. மயிரிழையில தப்புச்சு. அன்னைக்குக் கீழ வச்ச சாவிய இன்னும் எடுக்கல. மகன் காளீஸ்வரன் சாயந்தரம் வாரான். வண்டிய வித்துட்டு என்னையக் கூட்டிட்டுப் போயிருவான்.”

அப்படியானால் அந்தப் பார்வை... நோயா?

பூமயிலுக்கு உடம்பெல்லாம் கூசியது. கிழவிக்கு ஆசையைப் பார் என்று ஊரே கைகொட்டுவது போலிருந்தது. கூடவே ஒரு பயம். இன்னொரு படுக்கை, இன்னொரு கைத்தாங்கல்... தலையிலிருந்து பூவை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

“சரிண்ணே... நான் கிளம்புறேன்.”

அவர் முகம் செத்துப்போனதை அவள் பார்த்தாள். பார்த்தும் திரும்பி நடந்தாள். பூவைக் காருக்குள் எறிந்து, சாவியைத் திருகினாள். கண்ணாடியில் முதல் துளிகள் விழுந்தன.

பனைகளுக்கு நடுவிலிருந்து அவர் வந்துகொண்டிருந்தார். தன் டிரெய்லர் கொக்கியில் கால் இடறி விழப்போனார். அவள் இறங்கவில்லை. தடவித் தடவி ஜன்னலோரம் வந்து நின்றார்.

“என்னால இன்னொரு ஆள வச்சுப் பாக்க முடியாது,” என்றாள் பூமயில். “எனக்குத் தெம்பு இல்ல.”

“பாக்க வேணாம். ஒண்ணு சொல்லிக்கிறேன். சொல்லாமப் போனா அந்த இருட்டுக்குள்ள ஒக்காந்து இதையேதான் நெனச்சுக்கிட்டிருப்பேன்.” மழை அவர் முகத்தில் வழிந்தது. “நேரா இருக்கது மட்டுந்தான் தெரியும், அது நோய்தான். ஆனா எங்கன திரும்பணும்னு நோய் சொல்லல. கடல் இருந்துச்சு, வானம் இருந்துச்சு... மிச்சம் இருக்க கண்ண ஒங்க பக்கமே திருப்பி வச்சிருந்தது நானு. அந்த ‘அண்ணே’ய மட்டும் திருப்பி எடுத்துக்கங்க. பெறகு போங்க.”

கார் உறுமிக்கொண்டே இருந்தது. அவள் அதை அணைத்தாள்.

தெம்பு எங்கிருந்தும் வந்துவிடவில்லை. நாளைக்கு என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. அவருக்கு வரப்போகிற இருட்டு வந்தே தீரும். சாயந்தரம் மகன் வருவான், தம்பிகள் காறித் துப்புவார்கள். எல்லாம் தெரிந்தே கதவைத் திறந்து இறங்கினாள். கசங்கிய பூவை விரித்து, தோளோரம் இல்லாமல், தன் முகத்துக்குப் பக்கத்தில், அவருக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

“காலையில இருந்து வச்சிருந்தேன்... தெரியலையா?”

“இல்லையே... இப்பத் தெரியுது.”

“ஒங்களுக்காகத்தான் வச்சேன்.” அழுகையோடு ஒரு அடி கிட்டே வந்தாள். “பாத்துக்கங்க... தெரியுற மட்டும் பாத்துக்கங்க.”