மேற்கே பொங்கிய பால்

பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பலில் மெத்ரோ ரயில் பாலத்தை ஒட்டிய பழைய கட்டடம். 1985ஆம் ஆண்டு மாரியில் ஒரு பிற்பகல், கோசலை கைக்குழந்தையோடு அதன் ஐந்தாம் மாடியில் வாடகை அறை ஒன்றுக்கு ஏறினாள். புருசன் இராஜேந்திரன் உணவகத்தில் கோப்பை கழுவப் போயிருந்தான். இந்த அறையும் இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்குப் பனி கொட்டும் தெருதான்.

வாசலில் தேய்ந்த செருப்புச் சோடி ஒன்று கிடந்தது.

"ஆருடைய செருப்பு, ஐயா?"

சாவியோடு வந்த புதுச்சேரிக்காரர் ழாக் உதட்டைப் பிதுக்கினார். "ஒரு அல்ஜீரியாக் கிழவர் இருந்தாரும்மா. ஆஸ்பத்திரிக்குப் போனவரு, இனிமே எங்க வரப்போறாரு? காலி ரூம்தான்."

கோசலை செருப்பை இரண்டு விரலால் தூக்கிக் குப்பை வாளியில் போட்டாள்.

உள்ளே மேற்குச் சுவர் முழுக்கப் பழைய படத்தாள் ஒட்டியிருந்தது. கூண்டு வண்டிகள், துப்பாக்கியும் வேதப்புத்தகமும் ஏந்திய வெள்ளைக்காரர்கள். எதிரே ஆளே இல்லாத புல்வெளி.

"இவை எங்கை போகினம்?"

"அமெரிக்காவுல மேற்குப் பக்கம். நிலத்தாசை, தங்கத்தாசை. அது வெறும் நிலம், கடவுளே நமக்குக் குடுத்ததுன்னு நம்பினாங்க. அங்க இருந்த சனம் கண்ணுக்குத் தெரியல."

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அதற்குக் கடவுள் வேறு சாட்சி. கோசலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருகோணமலைப் பக்கத்தில் அவள் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே, முற்றத்தில் நின்ற அதிகாரி ஒருவன் அதை ஆளில்லாக் காடு என்றான். மறுவாரம் வேறு ஆட்கள் குடியேறினார்கள்.

ழாக் போனதும், மேற்குச் சுவரோரம் பிள்ளையைக் கிடத்திவிட்டு, புதுவீட்டில் குடிபூரப் பால் காய்ச்சினாள். கிழக்கே பொங்கி வழிந்தால் நல்லது என்பார்கள்.

பால் மேற்கே வழிந்தது.

புல் கருகும் மணம் எழுந்தது. சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பால் அடிப்பிடிக்கவில்லை.

கிரீச்.

மெத்ரோவாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் ரயில் போனதும் பாலம் அடங்கிவிட்டது. சத்தம் அடங்கவில்லை.

கிரீச்... கிரீச்...

சுவரிலிருந்து வந்தது. படத்தில் முன்வண்டியின் சக்கரம் பிள்ளையின் தலைக்கு நேரே வந்து நின்றது. சற்று முன்பு அது சன்னலருகே இருந்தது.

பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கத்தினாள். "வெறும் நிலமெண்டு ஆரடா சொன்னது? அங்கை ஆக்கள் இருந்தவையடா!"

சக்கரச் சத்தம் நின்றது.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

திறந்தாள். ஒருவரும் இல்லை. குப்பையில் போட்ட செருப்புச் சோடி, அறையைப் பார்த்தபடி வாசலில் இருந்தது. குனிந்து தொட்டாள்.

இப்போதுதான் கழற்றியதுபோல் சூடு.

"ஐயோ, நான் வெளியிலை எறிஞ்சனான்..." முணுமுணுத்தாள். கோபம் மட்டும் நெஞ்சில் அப்படியே எரிந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கீழே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளையோடு வேறெங்கே போவாள்? செருப்பை எடுத்துக் கதவுக்கு உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

சுவர்ப் படத்தின் கடைசி வண்டியில் புதிதாக ஒருத்தி ஏறியிருந்தாள். கோசலையைப் போலவே சேலை கட்டியிருந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் பால் சட்டி.

அந்தச் சட்டியிலிருந்து வழிந்த பால் சுவரை விட்டிறங்கி, தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.